கஜபதியின் பெரிய மனசு

ஆவடி குவார்ட்டர்ஸில் யார் வீட்டிலாவது மின்விசிறி நின்றுபோனால் கடையைத் தேட மாட்டார்கள், கஜபதியைத் தேடுவார்கள். டாங்கி செய்கிற தொழிற்சாலையில் அவர் எலக்ட்ரீஷியன். பதினெட்டு வருஷ சர்வீஸ். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார், எதுவானாலும் ஒரு டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இருந்தால் போதும். காசு வாங்க மாட்டார். அதற்குப் பதில் வீட்டுக்காரர் பத்து நிமிஷம் நின்று அவருடைய பெருமையைக் கேட்க வேண்டும். காசையே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று சிலர் நினைத்ததும் உண்டு.

அப்பேர்ப்பட்ட கஜபதிக்குத் தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு ஆசை பிடித்தது. தொழிற்சாலையின் டிசைன் ஆபீசில் டியூப்லைட் மாற்ற ஏணிமேல் ஏறியிருந்தார். கீழே ஒரு அதிகாரி, சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மலைச்சாலை, வளைவுக்கு மேல் வளைவு, எதிரே லாரி. கஜபதி ஏணியில் நின்றபடியே உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து அதிகாரிக்கு உதவி செய்தார். இறங்கியதும், "சார், ஒரே ஒரு வாட்டி" என்று கேட்டார். அதிகாரி அவருடைய கையைப் பார்த்தார். கை நிறைய ஒட்டடை. "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

நாற்பத்திரண்டு வயது ஆள், கார் விளையாட கம்ப்யூட்டர் வேண்டும் என்று வீட்டில் சொல்ல முடியுமா? வெட்கமாக இருந்தது. "வசந்தா படிப்புக்கு" என்று சொன்னார். மனைவி புஷ்பா நம்பினாள். பத்தாவது படிக்கும் மகள் வசந்தகுமாரி நம்பவில்லை. ஆனால் வருகிற லட்சுமியைக் காலால் உதைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய கம்பெனி கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அப்போதுதான் புஷ்பாவின் தம்பி உத்தமன் ஞாபகம் வந்தது. பட்டாபிராமில் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடைக்கு வேலைக்குப் போகிறவன். பழைய பாகங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துவிடுவான். அப்படித் தனக்கென்று ஒன்று சேர்த்து, அதில் விளையாடாத நாளில்லை. அவனை வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அக்கா அடுக்களைக்குள் போன நேரம் பார்த்து அவன் கேட்டான்.

"மாமா, நெசத்த சொல்லு. படிப்புக்கா, கேமுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார் கஜபதி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப கேமுக்குதான். கேமுன்னா ராம், அதான் மெமரி, ஜாஸ்தி ஓணும், சவுண்டு கார்டு ஓணும். கேபினெட்டு, கீபோர்டு பழசு போதும். பளபளப்ப பாக்காத மாமா, ஓடுதான்னு பாரு."

மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினான். கழற்றி விற்ற ஒரு 486 ரக மதர்போர்டு, யாரோ வேண்டாமென்று தள்ளிய கலர் மானிட்டர், மூலை நசுங்கிய கேபினெட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். எல்லாவற்றையும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டைப் பெட்டியில் போட்டுச் சணலால் கட்டி, ரயில் கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஆவடியில் இறங்கினான்.

"ஞாயித்துக்கெழம காலைல வந்து மாட்டித் தர்றேன். அதுவரிக்கும் பிரிக்காத மாமா. பவர் சப்ளைலேர்ந்து ரெண்டு பிளக்கு வருது பாரு, அதுல கருப்பு ஒயரு..."

"டேய், நிறுத்து. எனக்கேவா ஒயரு சொல்லித் தர்ற? நானூத்தி நாப்பது வோல்ட்டு பேனலு கட்னவன்டா நானு."

உத்தமன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மாமாவிடம் யார் வாயைக் கொடுப்பது?

மறுநாள் தொழிற்சாலை விடுமுறை. புஷ்பாவும் வசந்தாவும் நூம்பலில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். கஜபதி முதலில் அட்டைப் பெட்டியைச் சுற்றி நடந்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, சும்மா பார்க்கலாம் என்று பிரித்தார். பார்த்த கை சும்மா இருக்குமா? பதினோரு மணிக்கெல்லாம் போர்டைக் கேபினெட்டில் திருகி, கார்டுகளைச் செருகி, ராமை அமுக்கி முடித்துவிட்டார். திருகு வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மிஞ்சியது அந்த இரண்டு பிளக்குதான்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசையில் செருக வேண்டியவை. இரண்டிலும் ஒரு ஓரத்தில் கருப்பு ஒயர்கள். இப்படியும் போகும், அப்படியும் போகும். கருப்பு நடுவில் வருவதா, வெளி ஓரங்களில் வருவதா? கஜபதி யோசிக்கவே இல்லை. யோசிப்பதற்கு அதில் என்ன இருந்தது? கருப்பு என்றால் நியூட்ரல். நியூட்ரலை ஓரமாக ஒதுக்கு, நடுவே விடாதே. பதினெட்டு வருஷமாகப் பேனலில் அவர் கட்டிய முறை அது. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவர் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். கருப்புகளை ஆளுக்கொரு ஓரமாகத் தள்ளினார். பிளக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினார். பிளாஸ்டிக் பல் ஒன்று நறுக்கென்றது, உள்ளே போய்விட்டது.

சுவிட்சைப் போட்டார்.

பட்டென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் ஒரு நாற்றம். எரிந்த நாற்றத்தில் அவருக்குத் தெரியாத நாற்றம் கிடையாது. மூக்கு வைத்தாலே என்ன போயிற்று என்று சொல்லிவிடுவார். போர்டில் பிளக்குக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு கரும்புள்ளி. அவ்வளவுதான் சேதம், அவ்வளவும் சேதம்.

கஜபதி சுவிட்சை அணைத்தார். கதவைத் தாழிட்டார். ஜன்னல்களைத் திறந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, போர்டை அதன் வெள்ளிக் காகித உறையில் போட்டு, பெட்டியில் முன்பு இருந்த மாதிரியே அடுக்கி, சணலை உத்தமன் கட்டிய அதே முடிச்சாகக் கட்டினார். அந்த முடிச்சைக் கட்டும்போதுதான் தான் ஒரு திருடன் வேலை செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. உறைத்தும் இறுக்கித்தான் கட்டினார். நாற்றம் போகச் சாம்பிராணி போட்டார்.

"இன்னா இது, சனிக்கெழமையில சாம்பிராணி?" என்று கேட்டுக்கொண்டே புஷ்பா உள்ளே வந்தாள்.

"கொசு" என்றார் கஜபதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உத்தமன் வந்தபோது வீடு நிறைய ஆட்கள். குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். புஷ்பா மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, தன் தம்பி மாட்டப் போவதை எல்லாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

உத்தமன் எல்லாவற்றையும் மாட்டினான். கருப்பும் கருப்பும் நடுவில் ஒட்டி வருகிறாற்போல இரண்டு பிளக்கையும் செருகினான். கஜபதி அதைப் பார்த்தார். இவ்வளவுதானா? சுவிட்சைப் போட்டான். ஒன்றும் இல்லை. மறுபடி போட்டான். பிளக்கில் ஒன்றை உருவி, அதன் பல்லை விரலால் தடவினான். குனிந்து போர்டைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி மாமாவை ஒரு தரம் பார்த்தான்.

கஜபதி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"போர்டு செத்துப்போச்சு" என்றான் உத்தமன் மெதுவாக.

"பழைய சாமான்னா இப்படித்தான்" என்றார் ஜம்புலிங்கம். "கடைக்காரனுக்கும் வாங்கிட்டு வர்றவனுக்கும் உள்ளுக்குள்ள என்ன பேச்சோ, நமக்கு எங்க தெரியுது?"

புஷ்பாவின் முகம் சுண்டிப்போனது. "பாத்துதானே வாங்குன, உத்தமா?"

"பாத்துதான்க்கா வாங்குனேன்." அவன் திருப்புளியைக் கையில் உருட்டினான். "ஏமாந்துட்டேன்."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரே சொல். பதினெட்டு வருஷமாக வாய் ஓயாமல் பேசிய மனுஷனுக்கு அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கஜபதி எழுந்தார், மச்சான் தோளில் கையை வைத்தார், "உடு உத்தமா. சின்னப் பையன், தெரியாம பண்ணிட்ட. நா மனசுல வச்சுக்க மாட்டேன்" என்றார்.

மன்னித்துவிட்டார்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணினவர் பழிக்கு ஆளானவனை மன்னிக்கவும் செய்தார். கஜபதிக்குப் பெரிய மனசு என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். அவருடைய கை உத்தமனின் தோளில் இருந்தது. அந்தத் தோள் அசையாமல் இருந்ததே அவருடைய கையைச் சுட்டது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் புஷ்பா அவருக்கு முதல் தோசையிலேயே நெய்யை ஊற்றினாள். "என் கூடப்பொறந்தவன் உன்ன நாலு பேரு முன்னாடி தல குனிய வச்சிட்டான். நீ ஒரு வார்த்த சொல்லல" என்றாள். அந்தத் தோசையைத் தின்றதை நினைத்தால் கஜபதிக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

இரண்டு வாரம் கழித்து உத்தமன் வேறொரு போர்டு கொண்டுவந்து மாட்டினான். கடையில் சண்டை போட்டு மாற்றி வாங்கியதாகச் சொன்னான். கம்ப்யூட்டர் ஓடியது. கார் ஓடியது. மலைச்சாலையும் வளைவும் லாரியும், அந்த அதிகாரியிடம் இருந்ததைவிட நல்ல நிறத்தில், உறுமல் சத்தத்தோடு வந்தன. வசந்தா கைதட்டினாள். உத்தமன் உட்காராமலே கிளம்பிவிட்டான்.

கஜபதி உட்கார்ந்து ஓட்டினார். முதல் வளைவிலேயே கார் மலையில் மோதியது. அடுத்த நாளும் மோதியது. ஏணிமேல் நின்று ஓட்டத் தெரிந்தவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டத் தெரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை; சத்தம் போட்டு உறுமுகிற காரையும் மீறி அது குறுகுறுத்தது. புஷ்பா தம்பியின் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டாள். மாமா ஏன் வருவதில்லை என்று வசந்தா கேட்டதற்கு, "கூடப்பொறந்தவ ஊட்டு காசுலயே கைய வச்சவன் எந்த மூஞ்ச வச்சிகினு வருவான்?" என்றாள். அதைக் கேட்ட பிறகு கஜபதியால் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டாபிராம் போனார். உத்தமன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். மூலையில் அவனுடைய கம்ப்யூட்டர். மானிட்டர்மேல் துண்டு போர்த்தியிருந்தது. கேபினெட் திறந்து கிடந்தது; உள்ளே ஒயர்கள் மட்டும் தொங்கின, போர்டு இருக்க வேண்டிய இடம் காலி.

கஜபதி அந்தக் காலி இடத்தையே பார்த்தார். தன் வீட்டில் உறுமுவது எது என்று புரிந்தது.

"உத்தமா, அது கடைல மாத்துனது இல்லியா?"

"கடைல எப்பிடி மாமா மாத்துவான்? ஓட்டிக் காட்டித்தானே குடுத்தான்."

"நான்தான்டா... சனிக்கெழம நான்தான் மாட்டினேன். கருப்ப ஓரத்துல போட்டுட்டேன்."

"தெரியும் மாமா." உத்தமன் அடுத்த சட்டையை எடுத்தான். "பிளக்குல பல்லு நசுங்கி கீது. கட்டவெரல் பலத்துல அமுக்குனா மட்டுந்தான் அப்பிடி நசுங்கும். அப்பவே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"அக்கா நின்னுகினு இருந்துச்சே."

அவ்வளவுதான் சொன்னான்.

"அக்காகிட்ட சொல்லிகினு இருக்காத மாமா" என்றான் உத்தமன் மறுபடி. "அதுக்கு ஊர்ல நீதான் பெரிய ஆளு. நா எப்பிடியும் தம்பிதான், கொஞ்ச நாள்ல மறந்துடும்."

திரும்பி வரும்போது பாதி வழிவரை கஜபதிக்கு மனசு லேசாக இருந்தது. உத்தமனே சொல்ல வேண்டாம் என்கிறான், பிறகென்ன? அப்புறம், லேசாக இருக்கிறதே என்பதே அவருக்குச் சகிக்க முடியாத அவமானமாகிவிட்டது. சைக்கிளை நிறுத்தி இறங்கி, மீதி தூரத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்குள் வசந்தா கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். புஷ்பா அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கஜபதி அடுக்களை வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிரித்தது, எரிந்தது, சணல் முடிச்சு, சாம்பிராணி, பட்டாபிராமில் காலியாகக் கிடக்கும் கேபினெட், எதையும் விடவில்லை. திட்டுவாள், அழுவாள், கையில் இருப்பதை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தார். எறிந்தால் தேவலை என்றுகூட நினைத்தார்.

புஷ்பா கீரைக் காம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"போர்டு மாட்ட வந்தானே, அன்னிக்கு கெளம்பச்சே எங்கிட்ட தண்ணி கேட்டான்" என்றாள். "வெளிய கொழா கீது, போயி புடிச்சிக்கன்னு சொன்னேன்."

புஷ்பா காம்பைத் தட்டில் போட்டாள்.

"புடிச்சிக் குடிச்சான். வாயத் தொடச்சிகினு, 'வர்றேன்க்கா'ன்னு சொல்லிட்டுப் போனான்."