பாப்பாவின் ஸ்தோத்திரக் கவர்

கடப்பாக்கம் சபையில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். கடவுளுக்கு நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கிறவர்கள் கவரின் மேல் பெயரையும் காரணத்தையும் எழுதித் தர வேண்டும். பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஜெரோம், கரகரக்கும் மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பார். சபைச் செயலாளர் மனைவியின் கவர் இல்லாத வாரமே கிடையாது. போன மாதம் வாஷிங் மெஷினுக்குக்கூட ஸ்தோத்திரம் சொன்னாள் அந்த மகராசி.

பாப்பாவின் கவர்களில் இருந்ததெல்லாம் காய்ச்சல் விட்டதும், புயலில் கூரை தப்பியதும்தான். மாமியார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். பாப்பா அணுபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து, ஒண்டியாக நின்று மகள் பிரிசில்லாவைப் படிக்க வைத்தாள். மகளுக்கு இப்போது சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, ஹாஸ்டல் வாசம். டீம் லீட் பதவிக்கான கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்று அவள் போனில் சொன்னதுதான் தாமதம், பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமையே எழுதி வைத்துவிட்டாள்: 'என் மகள் டீம் லீட் ஆனதற்காக.' எழுத்து கோணிக் கோணி மூன்று கவர் வீணாயிற்று.

ஞாயிறு காலை முதல் ஆளாக வந்து கவரைப் பீடத்துத் தட்டில் வைத்தாள். பிறகு செயலாளர் மனைவி வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு முந்திய பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாசிக்கும்போது சட்டென்று திரும்பி அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

மாமல்லபுரத்தில் பஸ் மாறி வந்த பிரிசில்லா, பிரசங்கம் முடியும் நேரத்துக்குத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லெட்டர் எங்கே என்று பாப்பா சைகையால் கேட்டாள். மகள் காதோடு காதாகச் சொன்னாள். அவள் டீம் செய்வது, ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போடும் மென்பொருள். அதில் செய்ய வேண்டிய நாற்பது சோதனைகளைச் செய்யவே இல்லை. எல்லாம் செய்தாயிற்று என்று ஒப்புதல் கொடு, உன் கடிதம் தயார் என்றாராம் மேனேஜர் ராகவன். முடியாது என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே. நீ மட்டும் இன்னாத்துக்குடி வந்தத வுட்ட?" என்று பாப்பா பல்லைக் கடித்தாள்.

பிரிசில்லாவின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"ஆறு மாசமா அந்தப் போஸ்டுக்குத்தான் முட்டி போட்டேம்மா. அவரு ரூம்ல நிக்கசொல்லோ வேற ஒண்ணு கேட்டேன். பொய் சொல்லாம இருக்க பெலன் குடுன்னு. கேட்ட ஒடனே குடுத்துட்டாரு. ஆண்டவரு இவ்ளோ கிட்ட கீறாருன்னு இத்தினி நாளு எனக்குத் தெரியாதும்மா."

மகளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் பாப்பாதான். ஆனால் இப்படி ஒன்றை அவளே ஒரு நாளும் கேட்டதில்லை.

போதகர் கவர்களைக் கையில் எடுத்தார். முதலில் செயலாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கனடாவில் குடியுரிமை. அடுத்தது யாருக்கோ கால் வலி நீங்கியது. மூன்றாவது கவரின் கோணல் எழுத்து பாப்பாவுக்கு எட்ட இருந்தே தெரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம். சிறுசேரிக்குப் போய் விசாரிக்கப் போகிறவர் யார்? பக்கத்தில் பிரிசில்லா ஒன்றும் தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பொய்க்கு ஒப்பாமல் பதவியையே விட்டு வந்த பெண், ஆலயத்தில் பெற்றவள் எழுதிய பொய்யைக் கேட்கப் போகிறாள். அதைப் பாப்பாவால் தாங்க முடியவில்லை.

"பாப்பா குடும்பத்தார்..." என்று போதகர் ஆரம்பித்தார். பாப்பா எழுந்துவிட்டாள்.

"பாஸ்டர் ஐயா, அத்தப் படிக்காதீங்க. அவசரத்துல தப்பா எழுதிட்டேன்."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பீடம்வரை நடந்து போய்க் கவரையும் அவர் பேனாவையும் வாங்கினாள். எழுதியிருந்ததை அடித்தாள். கவரைத் திருப்பி, நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். போதகர் அதை மனசுக்குள் ஒரு முறை படித்தார். பாப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"பொய்யாக ஒப்புதல் தர மறுத்து, வந்த பதவியையே விட்ட என் மகள் பிரிசில்லாவுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பிரிசில்லா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். பாப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. செயலாளர் மனைவி ஞாபகமே அவளுக்கு வரவில்லை. கடைசி பெஞ்சுகளைத்தான் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, மைக்கு சரியில்ல. பின்னாடி கேட்டிருக்காது," என்றாள். "இன்னொரு தபா படிங்க."