முள்ளுக்கரண்டி விழுந்தால்

மரிசெல் குமுதாவின் வீட்டு மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்த முதல் வாரத்திலேயே வீடு முழுக்கக் கருவாட்டு மணம் ஏறிவிட்டது. குமுதா அப்போது பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போவதற்காக உடுத்திக்கொண்டிருந்தாள். கீழே இறங்கி வந்து பார்த்தால், இரவு ஷிப்ட் முடித்து வந்த அந்தப் பெண் நேர்ஸ் உடுப்போடேயே அடுப்பின் முன்னால் நின்றாள். தை மாதக் குளிரில் ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

"மன்னிக்கவேணும் மேடம். எங்கள் ஊரில் இதுதான் காலைச் சாப்பாடு. முன்னம் இருந்த வீட்டில் இந்த மணத்துக்காகத்தான் என்னை வெளியே போகச் சொன்னார்கள்."

குமுதா போய் ஜன்னலைச் சாத்தினாள். "குளிர் வருது. எனக்கும் ஒரு துண்டு வை" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் காலையில் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். மரிசெலுக்கு அது நாளின் கடைசிச் சாப்பாடு, குமுதாவுக்கு முதல் சாப்பாடு. முதல் நாள் மிஞ்சிய சோற்றை மரிசெல் நிறைய உள்ளிப்பூண்டு போட்டுப் பொரிப்பாள். பக்கத்தில் முட்டை, கருவாடு, மிளகாய் வெட்டிப் போட்ட வினாகிரி. லீவு நாட்களில் சினிகாங் என்று ஒரு புளிச்சாறு. மீன், முள்ளங்கி, கங்குன் கீரை எல்லாம் போட்டு, சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. அதற்கு அவள் பக்கெற்றில் வரும் புளிப்பொடியைப் போடுவதைக் கண்டு தாங்க முடியாமல், குமுதா தன்னுடைய பழப்புளிப் போத்தலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு பேரும் பேசுவது ஆங்கிலம்தான். மரிசெல் சில நாளிலேயே மேடத்தை விட்டுவிட்டு 'ஆத்தே' என்று கூப்பிடத் தொடங்கினாள். எதற்கோ பயந்து கத்துகிறாள் என்று குமுதா நினைத்தாள். அவர்கள் மொழியில் அது அக்கா என்று பிறகுதான் தெரிந்தது.

மரிசெல் வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுவாள். குமுதா கையால் சாப்பிடுவாள். அடுத்த வருடம் கார்த்திகை மாதத்து ஒரு விடியலில், ஒருவரும் தொடாமலே, மேசையின் நடுவிலிருந்து முள்ளுக்கரண்டி ஒன்று உருண்டு நிலத்தில் விழுந்தது.

மரிசெல் சிரித்தாள். "ஒரு ஆம்பிளை வரப்போகிறார் ஆத்தே. கரண்டி விழுந்தால் பொம்பிளை, முள்ளுக்கரண்டி விழுந்தால் ஆம்பிளை. எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள்."

"இந்த வீட்டுக்கு ஆர் வாறது? பார்சல்காரன்தான் வருவான்."

"யார் வந்தாலும் சோறு இருக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே மரிசெல் இன்னொரு தட்டை எடுத்தாள். உள்ளிச் சோறும் கருவாடும் வைத்து, தண்ணீர்க் கோப்பையையும் பக்கத்தில் வைத்து, வேறொரு தட்டால் மூடினாள். குமுதா வேலைக்குப் போனாள். மரிசெல் மேலே போய்ப் படுத்தாள்.

பின்னேரம் குமுதா திரும்பி வந்தபோது தட்டில் கொஞ்சச் சோறுதான் மிஞ்சியிருந்தது. மரிசெல் எழும்பிச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக் கழுவி வைத்தாள். இரண்டு மூன்று தடவை இப்படி முள்ளுக்கரண்டி விழுந்தது, தட்டு வைக்கப்பட்டது, சோறு குறைந்தது. பிறகு ஒரு நாள் பின்னேரம் மரிசெல் சாதாரணமாகச் சொன்னாள்: "வேலைக்குப் போக முதல் இரண்டாம் தரமும் சாப்பிடுகிறீர்கள். நல்லது ஆத்தே, நீங்கள் மெலிந்துதான் இருந்தீர்கள்."

"நானோ? நீயல்லோ சாப்பிடுறாய்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அன்று வைத்து, இன்னும் கழுவாமல் கிடந்த தட்டைப் பார்த்தார்கள். அதில் சோற்றை விரல்களால் கூட்டி வழித்த தடம் இருந்தது. கொஞ்சச் சோறு மிச்சம் இருந்தது. மீன் முள்ளுகள் தட்டின் விளிம்பில், பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பின்கதவு உள்ளே பூட்டியபடி இருந்தது. பூனை இப்படி அடுக்காது.

குமுதா அவசரமாகத் தட்டைத் தண்ணீருக்குள் போட்டாள்.

மரிசெலுக்குப் பயம் வரவில்லை. அவளுடைய முகத்தில் வேறொன்று வந்தது. அவளுடைய புருஷன் ரோடல் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன். ஒரு காலையில் அவனுடைய கட்டில் வெறுமையாக இருந்ததாகக் கம்பெனிக்காரர் அறிவித்தார்கள். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை.

"அவன்தான் ஆத்தே. தேடிப் பிடித்து வந்துவிட்டான்" என்றாள். அடுத்த லீவு நாளில் ரோடலுக்கு மிகவும் பிடித்ததைச் சமைத்தாள். பன்றியிறைச்சியை வினாகிரியிலும் சோயாவிலும் உள்ளியிலும் ஊறவிட்டு மெதுவாக வேகவைக்கும் அடோபோ. கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் ஒழுங்காக வைத்து, மேசையில் மெழுகுதிரியும் கொளுத்தினாள். பின்னேரம் பார்த்தபோது கொழுப்பு வெள்ளையாக உறைந்து, இறைச்சி வைத்தபடியே கிடந்தது. சோற்றின் ஒரு ஓரம் மட்டும், குழம்பு படாத ஓரம், குறைந்திருந்தது.

மரிசெல் நெடுநேரம் அந்தத் தட்டின் முன்னால் இருந்தாள்.

"ஆத்தே, இது என்னுடைய ஆள் இல்லை" என்றாள் கடைசியில். "ரோடல் அடோபோவை விட்டுவிட்டுப் போகமாட்டான். அவன் கையால் சாப்பிடுகிறவனும் இல்லை. இந்த வீட்டுக்கு யார் வருகிறார்?"

குமுதா கதிரையை இழுத்து இருந்தாள். முள்ளுகளைக் கண்ட அன்றே அவளுக்குத் தெரியும். அவளுடைய புருஷன் கமலநாதன் கிளிநொச்சியில் எலெக்ட்ரீஷியன். வயர்த் துண்டுகளை நீளம் பார்த்து மேசையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். சாப்பிடும்போது முள்ளுகளையும் அப்படியே அடுக்குவார். பன்றி தொடமாட்டார்.

அவள் மரிசெலுக்குச் சொன்னாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக முழுவதையும் சொன்னாள். முள்ளிவாய்க்காலில் சண்டையின் கடைசி நாட்கள். பங்கருக்குள் அவளும், அவரும், ஒன்பது வயது மகள் தர்ஷினியும். எங்கேயோ கிடைத்த ஒரு பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சி மூன்றாகப் பிரித்திருந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். மகள் தண்ணீர் கேட்டாள். "ஆறட்டும், வந்து குடிக்கிறன்" என்று கஞ்சியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். வரவில்லை. அந்த இடத்தை விட்டு ஓடும்போதும் கஞ்சி அங்கேயே மூடியபடி இருந்தது.

"எல்லாரும் அவருக்குக் காரியம் செய்யச் சொல்லுகினம்" என்றாள் குமுதா. "நான் செய்யேல்லை. உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆர் படைக்கிறது?"

மரிசெல் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்கள் ஊரில், சாப்பாட்டின் நடுவில் யாராவது எழும்பிப் போனால், இருக்கிறவர்கள் தங்கள் தட்டை ஒருமுறை சுழற்றி வைப்பார்கள். போகிறவருக்கு வழியில் ஒன்றும் ஆகக்கூடாது என்று."

"எங்களுக்கு அது தெரியாது பிள்ளை" என்றாள் குமுதா.

அதற்குப் பிறகு முள்ளுக்கரண்டி விழக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. குமுதா தினமும் தட்டு வைத்தாள். சில நாள் வீட்டில் ஆள் இருக்கும்போதே அடுப்படிக் கதிரை நிலத்தில் இழுபடும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் கதிரை கொஞ்சம் விலகியிருக்கும், சோறு இன்னும் சூடாக இருக்கும். எல்லா நாளும் கொஞ்சச் சோறு மிஞ்சியிருந்தது. அதுதான் குமுதாவை அரித்தது. வயிறு நிறையவில்லையோ, யாராவது எழுப்பிவிடுகிறார்களோ என்று யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது கை நின்றுவிடும். அவள் சரியாகத் தூங்கவில்லை, மெலிந்தும் போனாள். மரிசெல் பயந்து, நகரத்தின் மறுகோடியில் இல்ஃபோர்டில் இருந்த தர்ஷினிக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

தர்ஷினி அந்தச் சனிக்கிழமை காலையே ரயில் மாறி மாறி தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வெளியே பனிமூட்டம் முன்வீட்டுக் கதவை மறைத்திருந்தது. உள்ளே மரிசெல் சினிகாங் வைத்திருந்தாள். மேசையில் நான்கு தட்டுகள்.

தர்ஷினி கோட்டைக் கழற்றாமலே நின்றாள். "அம்மா, ப்ளீஸ். டொக்டரிட்டைப் போவம்."

"போவம். முதல்ல இரு."

"அப்பா செத்திட்டார் அம்மா. எனக்கு ஒன்பது வயசிலேயே தெரியும். உங்களுக்காகத்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை."

குமுதா கோபப்படவில்லை. "அவர் பசியோட எழும்பிப் போனவர் தர்ஷி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நான்காவது தட்டில் ஒன்றும் அசையவில்லை. தர்ஷினி மீனைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாறு வாயில் பட்டதும் நிமிர்ந்து, "இது உங்கட புளியெல்லோ" என்றாள். பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிய குமுதா அந்தத் தட்டுக்குப் புதிதாகச் சூடான சோறு போட்டாள். மீன் தலையை எடுத்து வைத்து, சாற்றை ஊற்றி, கோப்பையில் தண்ணீர் நிரப்பினாள். வெறும் கதிரையைப் பார்த்து, வீட்டில் இருக்கிற ஆளிடம் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"இஞ்சாருங்கோ. பிள்ளைக்குத் தண்ணி கிடைச்சுது. அவள் வளந்திட்டாள், வேலைக்குப் போறாள். இனி ஒருத்தரும் உங்களை எழுப்ப மாட்டினம். ஆறுதலா இருந்து சாப்பிடுங்கோ."

பிறகு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடியது. பிறகு அடுப்படியில் கதிரை இழுபட்டது. யாரோ பாரத்தோடு இருக்கும்போது பழைய கதிரை போடும் முனகல். அதன்பின் கையால் சோறு குழைக்கும் மெல்லிய, ஈரமான சத்தம். சாற்றை உறிஞ்சும் சத்தம். நடுவில் ஒருமுறை, புளிப்பு ஏறிய மாதிரி, தொண்டையைச் செருமும் சத்தம்.

அந்தச் செருமலைத் தர்ஷினிக்குத் தெரியும். அவள் எழும்பிக் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

குமுதா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "சாப்பிடேக்க பாக்காதை" என்றாள் மெதுவாக.

"அம்மா, ஒருக்கா மட்டும்."

"வேண்டாம். ஆள் கண்டால் எழும்பிடுவார்."

தர்ஷினி கதவில் நெற்றியை வைத்தபடி நின்றாள். மரிசெல் சோபாவில் இருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே சாப்பாடு அவசரமில்லாமல் நடந்தது. எவ்வளவு நேரம் என்று பிறகு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். கடைசியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்தது. குளிர் காற்று கதவின் அடியால் வந்து அவர்களுடைய காலைத் தொட்டது.

அவர்கள் போய்ப் பார்த்தபோது பின்கதவு பாதி திறந்திருந்தது. தோட்டத்தில் பனிமூட்டம் மட்டும். புல்லில் தடமில்லை. தட்டில் ஒரு சோறும் மிஞ்சவில்லை. முள்ளுகள் வரிசையாக இருந்தன. கோப்பை காலியாகி, அந்தத் தண்ணீர் தட்டுக்குள் இருந்தது. கலங்கிய தண்ணீர், மேலே இரண்டு பொட்டு எண்ணெய்.

"கை கழுவிட்டார்" என்றாள் குமுதா.

மரிசெலுக்கு விளங்கவில்லை. தர்ஷினிதான் அழுதுகொண்டே விளக்கினாள்: வயிறு நிறைந்து, இனிப் போதும் என்றால்தான் தட்டிலேயே கை கழுவுவார்கள். கழுவிய பிறகு யாரும் அதில் சோறு போடமாட்டார்கள்.

அன்று மத்தியானம் மரிசெல் அந்தத் தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "என்னுடைய ஆளும் ஒரு நாள் வருவானா, ஆத்தே?"

ஓம் என்று சொல்ல குமுதாவுக்கு ஆசையாக இருந்தது. "எனக்குத் தெரியாது" என்றாள். பக்கத்தில் போய் அவளுடைய தோளில் கை வைத்தாள். "அவனுக்குப் பிடிச்ச அந்த இறைச்சியை நீ வைக்கிறதெண்டால் வை. இந்த வீட்டில ஒருத்தரும் மணம் எண்டு சொல்லமாட்டினம்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதிரை தானாக அசையவில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு குமுதா தட்டு வைப்பதை நிறுத்தினாள். இரவுகளில் நித்திரை வந்தது.

பங்குனி மாதத்தில் அவளும் தர்ஷினியும் கோயிலுக்குப் போய் ஐயரைச் சந்தித்தார்கள். கமலநாதனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யவேண்டும், இனி ஒவ்வொரு வருடமும் திதி கொடுக்கவேண்டும் என்று குமுதா சொன்னாள். ஐயருக்கு இப்படி வருபவர்கள் புதிதில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எந்த நாள் போனவர் எண்டு தெரியாட்டிக் கவலைப்படாதேங்கோ அம்மா. அமாவாசையைப் பிடிச்சுச் செய்யலாம்."

"தெரியும் ஐயா" என்றாள் குமுதா. பனிமூட்டம் இருந்த அந்தச் சனிக்கிழமையைச் சொன்னாள்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டப்போன கையை நிறுத்தினார். "அது இந்தத் தை மாதமெல்லோ. நான் கேட்டது, அவர் இறந்த நாள்."

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

ஐயர் தர்ஷினியின் பக்கம் திரும்பினார். அம்மா தடுமாறுகிறாள், பிள்ளை திருத்துவாள் என்று காத்திருந்தார்.

"அந்த நாள்தான் ஐயா" என்றாள் தர்ஷினி. "காலமை. சாப்பிட்டாப் பிறகு."