வேலியின் இரண்டு பக்கமும்

சுபாங்கிக்கு டொக்டராக வருவதற்கு மூளை இருந்தது, புள்ளி இருந்தது, பிடிவாதமும் தேவைக்கு மேலேயே இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: தான் சுபாங்கிதான் என்பதற்கு அத்தாட்சி.

பதினாறு வயதில் யாரோ ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் ரொறன்ரோவுக்கு வந்தவள். இறங்குவதற்கு முன் அதைக் கிழித்து விமானத்தின் கழிவறையில் போடச் சொன்னான் ஏஜென்சிக்காரன், போட்டாள். சொந்தப் பிறப்புப் பத்திரம் கோண்டாவில் வீட்டோடு எரிந்தது. அப்பா ஷெல்லடியில் போனார். அம்மா தொண்ணூற்றைந்தில் சனத்தோடு சனமாக வன்னிக்கு இடம்பெயர்ந்தவள். அங்கே போனும் இல்லை, தபாலும் இல்லை. கனடா அவளை அகதி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அடையாளப் பத்திரம் காட்டாமல் நிரந்தர வதிவிடம் இல்லை என்றது. அந்த லாண்டட் பேப்பர் இல்லாமல் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்கமாட்டோம் என்றது மருத்துவக் கல்லூரி. வா என்று கூப்பிட்டு விறாந்தையிலேயே நிற்கவைத்த மாதிரி. ஐப்பசிக்குள் பேப்பர் வராவிட்டால் அந்த வருடமும் போச்சு.

அவள் குடியிருந்தது அஜின்கோர்ட்டில், மங்கையற்கரசியின் வீட்டு பேஸ்மென்றில். மங்கையற்கரசி யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவைக் கடைக்காரருக்குப் பிறந்து, இங்கேயும் சேலைக்கடைதான் நடத்தினாள். 'இல்லை' என்ற சொல்லை அவள் ஒருநாளும் பேச்சின் முடிவாக எடுத்ததில்லை. பேரம் தொடங்குவதே அங்கேதான் என்பது அவளுடைய கட்சி.

"பிள்ளையைச் சின்னனில இருந்து தெரிஞ்ச ஆக்கள் சத்தியக்கடதாசி குடுத்தா, கேட்டுப் பாக்கலாம் அன்ரி," என்றார் அவள் போய்ப் பார்த்த லோயர் றெமிஜியஸ். "நிச்சயம் எண்டு சொல்லமாட்டன். வழி இருக்கு."

"ஆக்களோ? எத்தினை பேர் வேணும்?" என்றாள் மங்கையற்கரசி, சேலை எத்தனை முழம் என்று கேட்பதுபோல.

அந்தக் கிழமையே கடைக்கு வந்த நல்ல மனிதர்களைப் பிடித்துக் கட்டுக் கட்டாக எழுதுவித்துக்கொண்டு போனாள். லோயர் ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"வாகீசன் தான் தாய்மாமன் எண்டு எழுதியிருக்கிறார்."

"ஓம், நல்ல மனுசன்."

"பிரதீபா தானும் தாயின்ர கூடப்பிறந்தவ எண்டுறா. ஆனா அவ வல்வெட்டித்துறை, வாகீசன் புங்குடுதீவு. மன்னாரில பிறந்த பஸ்ரியன் இந்தச் சைவப்பிள்ளை தன்ர அண்ணன்ர மகள் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறார். கடைசியா நீங்கள். நீங்களும் சொந்தப் பெரியம்மாவாம்!"

"தெரிஞ்ச ஆள் எண்டு எழுதினா ஒரு பெலமில்லைத்தானே, தம்பி? ஒரு பிள்ளைக்கு உதவுறதெண்டா இறுக்கமா உதவவேணும்."

"அன்ரி, உங்கட கணக்குப்படி இந்தப் பிள்ளையின்ர தாய் மூண்டு ஊரில பிறந்திருக்கிறா. உந்தக் கடதாசியளை அனுப்பினா பிள்ளைக்கு லாண்டட் இல்லை, உங்கள் எல்லாருக்கும் வழக்குத்தான்."

அவ்வளவையும் அவர் கிழித்துக் கூடைக்குள் போட்டார். எங்கள் சனம் இப்படித்தான். மற்றவர்கள் தெரியாத ஆளைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்; நாங்கள் இரக்கம் வந்தால் இரத்த உறவாகிவிடுவோம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, வியாபாரம் எங்கே பிழைத்தது என்று மங்கையற்கரசிக்கு விளங்கிவிட்டது. தன் கடைச் சேலையைத் தானே புகழ்ந்தால் எவள் நம்புவாள்? பக்கத்துக் கடைக்காரன் வயிறெரிந்து ஒரு சொல் சொன்னால் ஊரே நம்பும். வீட்டுக்கு வந்ததும் நேரே பேஸ்மென்றுக்கு இறங்கினாள்.

"பிள்ளை, உன்ர குடும்பத்தைக் கண்ணில காட்டக்கூடாத ஆள் ஆரும் இந்த ஊரில இருக்கோ?"

சுபாங்கி யோசிக்கவே இல்லை. "குலசிங்கம் அங்கிள். எங்கட பின்வளவுக்காரர். இப்ப பிக்கரிங்கில. அப்பாவோட வேலிச் சண்டை, கோட்டுவரைக்கும் போனது. ஒருக்கா ரெயின்ல கண்டு சிரிச்சன். மற்றப் பக்கம் திரும்பி இருந்தார்."

"அப்பாடா," என்றாள் மங்கையற்கரசி.

சனிக்கிழமை அவள் பிக்கரிங் போய்ச் சேர்ந்தபோது, குலசிங்கம் புது வீட்டின் முன்னால் புல் வெட்டிக்கொண்டு நின்றார். சுபாங்கியின் பெயரைக் கேட்டதும் மெஷினை நிற்பாட்டினார்.

"அவன்ர பெட்டையோ? அக்கா, அவளின்ர தகப்பன் வேலிக் கதியாலைப் பிடுங்கிப் பிடுங்கி என்ர வளவுக்குள்ள நட்ட ஆள். அந்த மாமரம் என்ர மாமரம்! அதில காய்ச்ச ஒரு மாங்காய் நான் வாயில வைச்சதில்லை."

"அப்ப அவளை நல்லாத் தெரியும்?"

"தெரியுமோவோ? மதிலில்லாத வீட்டில பக்கத்து வளவுக்காரனுக்குத் தெரியாதது என்ன? அவள் பிறந்த அண்டைக்குத் தகப்பன் கற்கண்டு குடுத்தவன், எல்லா வீட்டுக்கும். என்ர வீட்டைத் தவிர!"

மங்கையற்கரசிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. விசயத்தைச் சொன்னாள். அவர் மெஷினில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். கடைசியில், "சத்தியம் பண்ணுறன். ஆனா வேலிக்கதை முழுக்க எழுதவேணும். அவன் வேலியை என்ர பக்கம் அரக்கினவன் எண்டு எழுதவேணும். இல்லையெண்டா கையெழுத்தில்லை," என்றார்.

அதைக் கேட்டு சுபாங்கி கொதித்துப்போனாள்.

"ஏலாது அன்ரி. அப்பா செத்துப்போனார். அவரைக் கள்ளன் எண்டு எழுதிக் குடுத்துத்தான் நான் டொக்டரா வரவேணுமெண்டா, எனக்கு அது வேண்டாம். நான் இப்ப வேலை செய்யிற ஃபக்ரறியிலேயே நிக்கிறன்."

இரண்டு நாள் அவள் சாப்பிட மேலே வரவில்லை. மூன்றாம் நாள் மங்கையற்கரசி சோற்றுக் கோப்பையோடு கீழே இறங்கினாள்.

"வேலியை அரக்கினது ஆர் எண்டு நீ சொல்லுறாய்?"

"அவர்தான்! ஒவ்வொரு மாரிக்கும் ஒரு முழம்!"

"அப்ப அதை நீ எழுதன். அவர் தன்ர பக்கத்தை எழுதட்டும், நீ உன்ர பக்கத்தை எழுது. உன்னை ஆர் ஒத்துக்கொள்ளச் சொன்னது?"

சுபாங்கி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சோற்றுக் கோப்பையைக் கையில் வாங்கினாள்.

லோயர்தான் தலையில் கைவைத்தார். ஒரே விண்ணப்பக் கோவைக்குள் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு சத்தியக்கடதாசி! மேசைக்கு அந்தப்பக்கம் குலசிங்கமும் இந்தப்பக்கம் சுபாங்கியும் முறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"அன்ரி, உது எங்களுக்கு எதிரா வேலை செய்யும்."

"தம்பி, வெள்ளைக்காரனுக்கு வேலி விளங்காமல் விடட்டும், சண்டை விளங்கும். ஒரு வேலியை வைச்சுச் சண்டை பிடிக்கிறதெண்டா ரெண்டு பக்கமும் ஆள் இருந்திருக்கவேணும். அந்த ரெண்டு பேரும் உங்கட அறைக்குள்ள இருக்கினம். அனுப்புங்கோ."

றெமிஜியஸ் சிரித்தார். அனுப்பினார்.

ஆவணியில் இருவரையும் கூப்பிட்டார்கள். குடிவரவு அதிகாரி ஒரு பெண். அவள் இருவரையும் வேறு வேறு அறையில் இருத்தி, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து வளவை வரையச் சொன்னாளாம். கிணறு, படலை, மாட்டுக்கொட்டில், கோயிலுக்குப் போகிற ஒழுங்கை, எல்லாம் இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் இருந்தன. மாமரம்கூட அசையவில்லை. வேலி மட்டும் ஒன்றில் மரத்துக்கு வடக்கே ஓடியது, மற்றதில் தெற்கே. அதிகாரி தாள்களை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, சுபாங்கியிடம் கேட்டாளாம்: "உங்கள் அப்பா உண்மையாகவே வேலியை நகர்த்தினாரா?"

"இல்லை. அவர்தான் நகர்த்தினார்," என்று இவள் அடுத்த அறையைக் காட்டியிருக்கிறாள். வாய் தடுமாறவில்லையாம்.

லாண்டட் பேப்பர் புரட்டாதி முடிவதற்குள் வந்தது. விண்ணப்பம் போனது. மாசி மாதம் மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கூப்பிட்டவர்கள் எல்லாருக்கும் இடம் கிடையாது என்பது மங்கையற்கரசிக்குத் தெரியும். ஆனால் கதவைத் தட்ட விட்டிருக்கிறார்கள். மிச்சத்தை இந்தப் பெட்டை பார்த்துக்கொள்வாள்.

நேர்முகத்தன்று பனி கொட்டியது. பஸ் பிந்தும் என்று குலசிங்கம் யாரும் கேட்காமலே தன் வான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வழி நீளம் அவருக்கும் சுபாங்கிக்கும் மாமரக் கதைதான்.

"மரத்துக்குத் தண்ணி ஊத்தினது ஆர் அங்கிள்? எங்கட அம்மா."

"ஊத்தினாக் காணி உறுதி மாறுமோடி?"

பின்சீற்றில் மங்கையற்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு இனிமையான சண்டையை அவள் கேட்டு நாளாகிவிட்டது.

கல்லூரி வாசலில் வான் நின்றது. சுபாங்கி கோட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். குலசிங்கம் வானின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"இந்தப் படிப்பு எத்தினை வருசம்?"

"எல்லாம் முடியப் பத்து வருசம் வரும்."

"அதுமட்டும் நான் இருக்கவேணுமே. உன்னோட இந்த வழக்கை முடிக்காமல் போகேலாது."

"இருப்பியள்," என்றாள் சுபாங்கி. "பிரஷர்க் குளிசையை ஒழுங்காப் போட்டா. முகம் வீங்கிக் கிடக்கு, உப்பையும் குறையுங்கோ."

சொல்லிவிட்டுப் பனிக்குள் விறுவிறென்று நடந்தாள். குலசிங்கம் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, உண்மையா வீங்கியோ கிடக்கு?"

"டொக்டர் சொன்னாக் கேளும்," என்றாள் மங்கையற்கரசி.