கைக்கடிகாரத்துக்கு மைலேஜ்

மகள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அப்பா மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார்.

"சார்ஜ் போட்டு இன்னையோட எட்டு நாள். இன்னும் ஓடுது. உன் மாமனார்கிட்ட சொல்லிடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடிகாரப் பஞ்சாயத்து ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள் தலைதான் உருள்கிறது. கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் கட்டியிருப்பது ஒல்லியான பட்டை. மணி காட்டும், நடந்த தூரம் சொல்லும், இரண்டு வாரத்துக்குச் சார்ஜே கேட்காது. அப்பாவுக்கு அவள் வாங்கிக் கொடுத்ததோ ஸ்மார்ட் வாட்ச். குளியலறை வாசலில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த கையோடு வாங்கியது. இதயத் துடிப்பு தாறுமாறானால் அவள் போனுக்குத் தகவல் வரும். அந்த வேலைக்குத் தினமும் சார்ஜ் போட்டாக வேண்டும். "என்ன சம்பந்தி, உங்களுது மறுநாளே படுத்துக்குதாமே?" என்று மாமனார் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுத் தொலைத்தார். அப்பாவோ காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். டீசல் மிச்சம் பிடிப்பதில் டிப்போவிலேயே தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர் வாங்கியவர். சும்மா இருப்பாரா?

"ஒன்றரை நாள் ஓடுற வாட்ச் எப்படிப்பா எட்டு நாள் ஓடும்?"

"அது ஓட்டுறவன் கையில இருக்கு."

அவள் வாட்சைத் தட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தைக் குறைத்திருந்தார், போகட்டும். போன் தொடர்பை அணைத்திருந்தார். இதயத் துடிப்பு பார்ப்பதையும் அணைத்திருந்தார். கூரியர் அலுவலகத்தில் பார்சல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே, போன் சத்தம் போடவில்லை, அப்பா நன்றாக இருக்கிறார் என்று இத்தனை நாளும் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

"இதுக்காகத்தானேப்பா வாங்கினேன்! மணி பாக்கவா வாங்கினேன்? சுவத்துல கடிகாரம் இல்ல?"

"கத்தாத. சும்மா உக்காந்திருக்கும்போது எதுக்கு எஞ்சின் ஓடணும்? நெஞ்சு ஏதாவது பண்ணா நானே போட்டுக்க மாட்டேனா?"

"மயங்கி விழுந்தப்புறம் எழுந்து போட்டுப்பீங்களா?"

அவள் எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்த வாட்ச், திரை இருண்டு அணைந்துபோனது. வந்த எரிச்சலுக்கு அதைத் தூக்கி எறிந்திருப்பாள். சார்ஜரில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு, அப்பாவின் கையைப் பிடித்து நாடியில் விரல் வைத்தாள். வாட்ச் உயிர் பெறும்வரை அவரைச் சும்மா விட அவளுக்குப் பயமாக இருந்தது.

"இருந்தாலும் எட்டு நாள் எட்டு நாள்தானே? அந்தாளோட பட்டை..."

"பேசாதீங்கப்பா. எண்ணிக்கை தப்புது."

விரலுக்கடியில் நாடி ஒழுங்காகத் தட்டிக்கொண்டே வந்தது. பிறகு ஒன்று தட்டவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், சார்ஜரில் மினுங்கும் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.