வெள்ளாட்டு வால்

படத்தில் அப்பா கொலைகாரர். திருவரங்குளத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கறிக்கடையில் படம் பிடிக்க வந்தவர்கள், அப்பா தினமும் தேய்த்துக் கழுவுகிற வெள்ளை டைல்ஸில் கரியைப் பூசினார்கள். அவர் சட்டையில் சிவப்புச் சாயத்தைக் கொட்டினார்கள். "சிரிக்காதீங்க சார். கறிக்கடைக்காரர்னா பாக்கவே பயமா இருக்கணும்," என்றார் இயக்குநர். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைத்தார். ஆளை வெட்டுகிற வில்லன் என்று உதவி இயக்குநர் ஒருவர்தான் என் காதில் சொன்னார். அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படம் வெளியான சனிக்கிழமை, தெருவே இரண்டு வேன்களில் புதுக்கோட்டைக்குக் கிளம்பியது. அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எனக்கு மட்டும் ஒரே கவலை. இதைப் பார்த்த பிறகு நாளைக்குக் கடைக்கு யார் வருவார்கள்?

இடைவேளை முடிந்ததும் திரை இருண்டது. கத்தி தீட்டும் சத்தம். திரை முழுக்க அப்பாவின் கண்கள்!

"ஆத்மநாதண்ணே!" என்று விசில் பறந்தது. அப்பா கத்தியை ஓங்கினார். இசை அலறியது. அரங்கம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. நான் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்து, கொக்கியில் தொங்கும் உரித்த ஆடு திரையை நிறைத்தது.

"ஏய், வாலப் பாருங்கடி!" பின்னாலிருந்து செவந்தி அக்கா கத்தினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஞாயிறுதோறும் எங்களிடம் ஈரல் வாங்குகிறவள். "அது செம்மறி ஆடுடி!"

"ஆமா! செம்மறியேதான்!"

"அண்ணே, இத்தன நாளா எங்களுக்கும் இதத்தான் போட்டியளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலை குறைந்த செம்மறி இல்லை, வெள்ளாட்டுக்கறிதான் என்று எல்லோரும் பார்த்துத் தெரிந்துகொள்ள, உரித்த ஆட்டில் வாலை மட்டும் முடியோடு விட்டுவைக்கிறவர் அப்பா. அந்த வால்தான் அவருடைய மானம்.

அப்பா நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டார்.

"அது நம்ம ஆடு இல்லங்க! மெட்ராஸ்ல எடுத்து ஒட்டிருக்கானுங்க! கொலகாரன்னு சொல்லுங்க, பரவால்ல. செம்மறி விக்கிறவன்னு மட்டும் சொல்லாதீங்க!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. திரையில் நாயகன் பாய்ந்து வந்து அப்பாவை உதைத்தான்.

"யோவ், அவர விடுய்யா! காலையில கட தொறக்கணும்!" என்றது ஒரு குரல். எங்கள் தெரு மொத்தமும் நாயகனைப் பார்த்துக் கூச்சல் போட்டது. சற்றுமுன் அழுத குழந்தைகூடக் கைதட்டியது. திரைக்கு முதுகைக் காட்டி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, தான் செத்துப்போனதைப் பார்க்கவேயில்லை.

"நம்புறோம்ணே, உக்காருங்க, மறைக்குது," என்றாள் செவந்தி அக்கா. "நாளைக்கு ஈரல் எனக்குத்தான். வாலக் காட்டிட்டுத்தான் வெட்டணும், சொல்லிட்டேன்!"

அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் இரண்டு விரலை வாயில் வைத்து, அரங்கமே திரும்பிப் பார்க்க ஒரு விசில் அடித்தேன்.