சாரெல் மாமாவுக்கு வராத நோய்

தென்னாப்பிரிக்காவின் கேப் மண்ணில் கப்பலேறி வந்திறங்கிய எங்கள் பாட்டனின் ரத்தம் முந்நூறு ஆண்டுகளாக எங்களுக்குள் ஓடுகிறது. கூடவே கொழுப்பும் ஓடுகிறதாம், பாட்டன் விட்டுப்போன பழுதான மரபணுவால். குடும்பக் கூடுகையில் சோதித்தபோது பலருக்கும் அது இருந்தது. உடனே அதைக் குலப்பெருமைப் பட்டயம்போல் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் குடும்பச் சங்கத் தலைவர் சாரெல் மாமாவுக்கு மட்டும் இல்லை.

"பெத்தவங்களுக்கு இருந்தாலும் பாதிப் பிள்ளைங்களுக்கு வராதுங்க. நல்ல செய்திதானே?" என்றார் டாக்டர்.

"நாளைக்குத் தலைவர் தேர்தல்யா. இதுவா நல்ல செய்தி?"

"பாட்டன் சொத்துல பங்கில்லாதவருக்கு நாற்காலி எதுக்கு மாமா?" என்றாள் மாமாவின் தங்கை மகள் எல்ஸபே.

மறுநாள் விருந்தில் மாமா ஆட்டுக்கறித் தட்டைத் தள்ளிவைத்து, எல்லாரும் பார்க்க ஒரு மாத்திரையை விழுங்கினார்.

"திரும்பச் சோதிச்சாங்க. எனக்கும் இருக்கு."

கைதட்டி அவரையே தலைவராக்கினார்கள். அது அவர் மனைவி மலச்சிக்கலுக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரை.