கயிறு இழுக்காத நாட்கள்

எங்கள் பட்டறையில் ஜாடி மூடி செய்கிறோம். தகட்டை அழுத்த ஒரு இயந்திரம், மூடிக்குள் ரப்பர் வளையம் வைக்க ஒரு இயந்திரம், கடைசியில் மூடிகளைச் சரிபார்த்துப் பெட்டியில் போட நான் நிற்கும் மேசை. மேலே ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. எவர் இழுத்தாலும் எல்லாம் நின்றுவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து கட்டிய கயிறு. தப்பைக் கண்ட இடத்திலேயே நிறுத்து, காரணத்தை எழுது என்பார். எழுதுவதற்காகவே நாற்பத்தாறு வயதில் என்னை எழுத்து வகுப்பில் உட்கார வைத்தார். முதன்முதலில் இழுத்தவன் நான்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் போன பிறகு மேற்பார்வையாளர் ஒரு பலகை மாட்டினார்: 'கயிறு இழுக்காத நாட்கள்'. காலையில் அதில் எண்ணிக்கையை மாற்றி எழுதுவது என் வேலை. அவர் கெட்டவர் இல்லை. நிற்காமல் ஓடினால் நன்றாக ஓடுகிறது என்று நினைத்தார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியதும் யாருக்கும் கயிற்றை இழுக்கக் கை எழவில்லை. தலையில் இடிக்கிறது என்று யாரோ கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டார்கள்.

வளைய இயந்திரத்தில் என் மனைவியின் தம்பி இருந்தான். இரண்டு பிள்ளைக்காரன், தற்காலிக வேலை.

"நூறு தொடட்டும்ணே," என்றார் மேற்பார்வையாளர். "உங்க மச்சானை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதித் தரேன்."

அன்றிலிருந்து மனைவி தினமும் கேட்பாள், "இன்னைக்கு எத்தனை?" காய்ச்சல் விசாரிப்பது போல.

தொண்ணூற்றேழாம் நாள் ஒரு மூடியைப் புரட்டினேன். வளையம் ஒரு பக்கம் மடிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், இருபதுக்கு ஒன்று அப்படி வந்தது. மச்சானே மேசைக்கு வந்துவிட்டான்.

"மாமா, வளையம் வழுக்குது. இழுத்துரவா?"

"மூணே நாளு மாப்ள. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்காத."

"தாழியே ஓட்டைதான் மாமா," என்று சிரித்துவிட்டுப் போனான்.

கண்ணில் பட்டதைப் பொறுக்கிப் போட்டேன். படாதது பெட்டிக்குள் போனது.

நூறு வந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு சைபரும் நல்ல வட்டமாக வந்தன. கை தட்டினார்கள்.

நூற்று நான்காம் நாள் பெட்டிகள் திரும்பி வந்தன. ஜாடியில் வைத்ததெல்லாம் ஒழுகிவிட்டதாம். எந்த நாள், எந்த இயந்திரம் என்று ஒவ்வொரு பெட்டி மேலும் எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

"திங்கக்கிழமைலேர்ந்து வர வேணாம்ப்பா. மேலே சொல்லிட்டாங்க," என்று மச்சானிடம் சொன்னார் மேற்பார்வையாளர்.

"நான்தான் சார் இழுக்க வேணாம்னு சொன்னேன்," என்றேன்.

"அதை நான் கேக்கலண்ணே. நீங்களும் சொல்லல."

மச்சான் கையுறையைக் கழற்றி மடித்து என் மேசையில் வைத்தான். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன் மாமா," என்றான். அன்று வீட்டில் மனைவி எத்தனை என்று கேட்கவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

ஆளைத்தான் மாற்றினார்கள், இயந்திரத்தைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அதே மடிந்த வளையம் வந்தது. கயிற்றுக்கடியில் போய் நின்றேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். இழுத்தேன். எல்லாம் நின்றன. யாரும் கை தட்டவில்லை. மேற்பார்வையாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

மெக்கானிக் வளைய இயந்திரத்தைத் திறந்து உள்ளே விரலை விட்டான். "ஒரு ஸ்பிரிங் தொங்கிப் போச்சு, அவ்ளோதான். இதுக்கா இவ்ளோ நாளு ஓட்டுனீங்க?"

மாற்றப் பத்து நிமிடம் ஆனது.

பலகையை அழித்து சைபர் போட்டேன். காரணம் எழுதும் தாளைத் தேடினேன். அலமாரிக்கு அடியில் கிடந்தது. 'வளையம் மடிகிறது. தொண்ணூற்றேழாம் நாளிலிருந்து' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். பிறகு மேசைக்குத் திரும்பி அடுத்த மூடியைப் புரட்டினேன். வளையம் சரியாக இருந்தது.